பூநாரை நாரை இல்ல, சின்ன நண்டு குட்டியும் இல்ல

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

டிசம்பர் மாசம், பழவேற்காடு. ஒரு அக்காகிட்ட நண்டு பேரம் பேசிட்டு இருந்தேன். அவங்க முன்னாடி ரெண்டு கூடை. ஒண்ணுல பெரிய பெரிய பச்சை நண்டு, கொடுக்கைக் கயித்துல கட்டி வெச்சிருந்தாங்க. இன்னொண்ணுல சின்ன நண்டு, கொஞ்சம் செம்பழுப்பு நிறம், விலையும் கம்மி. நம்ம இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? "அக்கா, இது அதோட குட்டிதானே? நாலு மாசம் விட்டா இதுவும் அந்த சைஸ் வந்துடும்ல?"னு கேட்டேன்.

"இல்ல தம்பி. இது எத்தன வருசம் விட்டாலும் அப்படி ஆவாது. அது ரகம் வேற, இது ரகம் வேற. கொடுக்கப் பாரு, தெரியும்"னு சொன்னாங்க.

நான் விடல. போனை எடுத்துத் தேடினேன். ஒரு பழைய பிடிஎஃப் கிடைச்சுது. சேற்று நண்டுன்னா மொத்தமும் ஒரே இனம்தான்னு அதுல இருந்துச்சு. பெருமையா அக்காகிட்ட காட்டினேன். அவங்க ஒரு பார்வை பார்த்துட்டு அடுத்த ஆளுக்கு நண்டு எடுத்துப் போடப் போயிட்டாங்க.

யாரு சொன்னது சரி? அக்காவா, பிடிஎஃபா? பதில் எபிசோடோட கடைசில வருது. ஆனா அதுக்கு முன்னாடி வேற ஒரு கேள்விக்குப் பதில் வேணும். ஒரு உயிர் இன்னொரு உயிருக்குச் சொந்தமா இல்லையான்னு உயிரியலாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இதைப் பேச வெளியூர் எங்கேயும் போக வேண்டாம். பொன்னேரியில இருந்து பழவேற்காடு போற அந்த ஒரு பயணத்துலயே எல்லாம் இருக்கு.

முதல் நிறுத்தம்: பாலைவனம் இல்லாத பாலைவனம்

பழவேற்காடு பக்கம் போறப்போ திருப்பாலைவனம்னு ஒரு ஊர் வரும். பெரிய சிவன் கோயில் உள்ள ஊர். பைக்ல பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன் போர்டைப் பார்த்துட்டு, "டேய், சுத்தி தண்ணியா இருக்கு, இதுக்குப் போய் பாலைவனம்னு பேரா?"ன்னு கேட்டான். இது மணல் பாலைவனம் இல்லைங்க. பாலை மரங்கள் இருந்த வனம். கோயிலோட தலமரமும் பாலைதான்.

சரி, பாலைன்னா எந்த மரம்? இங்கதான் சுவாரசியம். தமிழ்ல பாலைன்னு முடியற மரங்கள் நிறைய இருக்கு. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை, உலக்கைப்பாலை. எல்லாத்துக்கும் பொதுவான விஷயம், கிள்ளினா பால் வரும். நம்ம முன்னோர் அதை வெச்சுப் பேர் கொடுத்துட்டாங்க. பாக்கிறதுக்கு ஒரே குடும்பம் மாதிரி தெரியுது.

ஆனா ஒரே குடும்பம் இல்லை. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை மூணும் நிஜமாவே பங்காளிங்க. எருக்கும் அரளியும் அதே குடும்பம்தான். உலக்கைப்பாலை மட்டும் வேற வீடு. அதோட நெருங்கின சொந்தம் சப்போட்டாவும் இலுப்பையும். இன்னும் கொஞ்சம் மேல போய் வரிசை அளவுல பார்த்தா, வெட்பாலை இருக்கிற வரிசையிலதான் காபிச் செடி இருக்கு. உலக்கைப்பாலை இருக்கிற வரிசையில தேயிலைச் செடி இருக்கு. அதாவது ஒரு பாலை காபி பக்கம், இன்னொரு பாலை டீ பக்கம்.

அப்ப பால்? செடியைக் கடிக்கிற பூச்சியோட வாயை ஒட்ட வைக்கிறது, காயத்தை மூடுறது, இதெல்லாம் பிசுபிசுப்பான பாலோட வேலை. இந்த வேலை எல்லாச் செடிக்கும் உபயோகம்தான். அதனால பரிணாமத்துல வேற வேற குடும்பங்கள் இதைத் தனித்தனியா, பல தடவை உருவாக்கியிருக்கு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிக்கலை. ரெண்டு கம்பெனி ஒரே பிரச்சினைக்கு ஒரே மாதிரி ஆப் எழுதின கதை. இதுக்குப் பேர் குவி பரிணாமம்.

இன்னைக்கு எபிசோடோட மொத்த சாரமும் இதுதான்: ஒரே மாதிரி இருக்கிறது வேற, சொந்தமா இருக்கிறது வேற.

அலமாரியா, குடும்ப மரமா?

1735-ல ஸ்வீடன்காரர் கார்ல் லின்னேயஸ் 'சிஸ்டமா நேச்சுரே'ன்னு ஒரு புத்தகம் போட்டார். 1753-ல செடிகளுக்கும், 1758-ல வந்த பத்தாவது பதிப்புல விலங்குகளுக்கும் ரெண்டு வார்த்தைப் பேர் முறையை ஒழுங்கா கொண்டுவந்தார். முதல் வார்த்தை பேரினம், ரெண்டாவது சிற்றினம். பழவேற்காட்டு மடவை மீனுக்கு மூஜில் செஃபாலஸ்னு பேர் வந்தது அந்த 1758 பதிப்புலதான். டோக்கியோவுல இருக்கிறவரும் தூத்துக்குடியில இருக்கிறவரும் ஒரே மீனைப் பத்திப் பேச ஒரு பொதுவான ஐடி கிடைச்சுது. பெரிய விஷயம்.

ஆனா லின்னேயஸ் செஞ்சது அலமாரி அடுக்குற வேலை. இந்த உயிர் இந்தத் தட்டு, அந்த உயிர் அந்தத் தட்டு. எதுக்காக உயிர்கள் இப்படித் தட்டுத் தட்டா அடுங்குதுன்னு அவர்கிட்ட நம்மளோட பதில் இல்லை. 1837-ல டார்வின் தன் நோட்டுப் புத்தகத்துல ஒரு சின்ன மரம் வரைஞ்சார். 1859-ல 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்துல இருந்த ஒரே படமும் ஒரு மரம்தான். அவர் சொன்னது இதுதான்: உயிர்கள் தட்டுத் தட்டா இருக்கக் காரணம், அவை எல்லாம் ஒரு குடும்பத்தோட கிளைகள்.

அப்போ சரியான கூட்டம் எது? ஒரு தாத்தாவும் அவரோட அத்தனை வாரிசுகளும். ஒருத்தரையும் விடக்கூடாது, வெளியாளையும் சேர்க்கக்கூடாது. இந்த விதியை வெச்சுப் பார்த்தா 'மீன்'ங்கிற கூட்டமே உடைஞ்சுடுது. ஏன்னா நுரையீரல் மீன்னு ஒண்ணு இருக்கு. அது மடவை மீனை விட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். மீன்களோட பொதுத் தாத்தாவைப் பிடிச்சா, அவரோட பேரன் பேத்திங்க லிஸ்ட்ல தவளை, பல்லி, காக்கா, நீங்க, நான் எல்லாரும் வந்துடுவோம். குழம்புக்கு 'மீன்'ங்கிற வார்த்தை போதும். குடும்ப மரத்துக்குப் போதாது.

உ.வே.சா. முறை

சரி, தாத்தா யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவர் செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சே.

உ.வே.சாமிநாதையரை நினைச்சுக்கோங்க. 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார். அவர் கையில இருந்தது ஒரே நூலோட பல ஓலைச்சுவடிகள். ஒவ்வொண்ணும் கையால படியெடுத்தது. படியெடுக்கும்போது பிழை வரும். அந்தப் பிழையோட இருக்கிற சுவடியை வேற ஒருத்தர் படியெடுத்தா அந்தப் பிழையும் கூடவே போகும்.

இப்ப உங்ககிட்ட அஞ்சு சுவடி இருக்குன்னு வைங்க. எல்லாத்துலயும் சரியா இருக்கிற வரி, எது எதோட சொந்தம்னு எதுவும் சொல்லாது. ஆனா ரெண்டு சுவடியில மட்டும் ஒரே இடத்துல ஒரே விசித்திரமான பிழை இருந்தா? அந்த ரெண்டும் ஒரே மூலச்சுவடியில இருந்து வந்திருக்கணும். பகிர்ந்துக்கிட்ட பிழைதான் சொந்தத்துக்குச் சாட்சி.

உயிரியல்ல இதை 1950-ல தெளிவா எழுதினவர் வில்லி ஹென்னிக்ங்கிற ஜெர்மன் பூச்சியியலாளர். அவர் சொன்னதை நம்ம பாஷையில சொன்னா: பழைய பொது அம்சங்களை எண்ணாதே, புதுசா வந்து பகிரப்பட்ட மாற்றங்களை எண்ணு. பறவைங்களுக்குள்ள யாரு யாருக்குச் சொந்தம்னு பார்க்க 'ரெண்டுக்கும் இறகு இருக்கு'ன்னு சொல்றது வேஸ்ட். எல்லாப் பறவைக்கும்தான் இறகு இருக்கு.

டிஎன்ஏ-வும் ஒரு சுவடிதான். ஏ, டி, ஜி, சி-ன்னு நாலே எழுத்து. தலைமுறை தலைமுறையா படியெடுக்கப்படுது, பிழைகள் சேருது. பல உயிர்களோட ஒரே ஜீனை எடுத்து வரிக்கு வரி அடுக்கி வெச்சு, எந்த மாற்றம் யாரு யாருகிட்ட இருக்குன்னு பார்த்து மரம் வரையுறாங்க. டெவலப்பர் நண்பர்களுக்கு ஒரு வரியில: டிஃப் எடுத்துப் பொதுவான பேரன்ட் கமிட்டைத் தேடுற வேலை, கமிட் ஹிஸ்டரி மட்டும் தொலைஞ்சு போச்சு.

"கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு நிமிஷம்தானே"ன்னு நினைக்காதீங்க. நாலு உயிருக்கு 15 விதமா மரம் வரையலாம். அஞ்சுக்கு 105. பத்துக்கு 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425. இருபதைத் தொட்டா எல்லா மரத்தையும் ஒண்ணு ஒண்ணா செக் பண்றதுங்கிற பேச்சே கிடையாது. அதனால நல்ல மரமா இருக்க வாய்ப்புள்ள பக்கமா புத்திசாலித்தனமா தேடுற அல்காரிதம்கள் வேணும். நம்ம துறை ஆட்கள் நிறைய பேர் உயிரியல் பக்கம் போனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது நிறுத்தம்: ஏரியில நிக்கிற பூநாரை

குளிர்காலத்துல பழவேற்காடு போறவங்க முக்கால்வாசிப் பேர் பூநாரை பார்க்கத்தான் போறாங்க. தூரத்துல தண்ணிக்கு மேல ஒரு வெள்ளைக் கோடு, பறந்தா சிவப்புத் தெரியும். தமிழ்ப் பேரே அதை ஒரு கூட்டத்துல சேர்த்துடுது: பூ நாரை. நீளக் கால், நீளக் கழுத்து, ஆழமில்லாத தண்ணியில நிக்குது. நாரைதானே?

விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் இப்படித்தான் அடிச்சுக்கிட்டாங்க. ஒரு குரூப் நாரைக்குச் சொந்தம்னுச்சு, காலைக் காட்டி. இன்னொரு குரூப் வாத்துக்குச் சொந்தம்னுச்சு. சவ்வு ஒட்டின விரல், வாத்து மாதிரி சத்தம், அலகால தண்ணியை வடிகட்டிச் சாப்பிடுற பழக்கம், போதாததுக்கு இறகுல இருக்கிற பேன்கூட வாத்துப் பேனோட சொந்தம். மூணாவது குரூப் கரையோரமா ஓடுற நெடுங்கால் உள்ளான் பக்கம் கை காட்டுச்சு.

2001-ல டிஎன்ஏ-வை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நெருங்கின சொந்தம் நாரை இல்லை, வாத்து இல்லை, முக்குளிப்பான்னு சொல்லுச்சு. முக்குளிப்பான் தெரியும்ல? நம்ம ஊர் ஏரி, குளத்துல குட்டியா, உருண்டையா மிதக்கும். பக்கத்துல போனா டபக்குனு முங்கி, எதிர்பார்க்காத இடத்துல எந்திரிக்கும். குட்டைக் கால். முங்கி மீன் பிடிக்கும். பூநாரையோட பக்கத்துல நிறுத்தினா யாரும் சொந்தம்னு சொல்ல மாட்டாங்க.

முதல்ல நிறைய பேர் நம்பலை. அப்புறம் பழைய எலும்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. கண் முன்னாடியே சாட்சிங்க இருந்திருக்கு. ரெண்டோட முட்டை ஓட்டு மேலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு பூச்சு. பறவைங்க குடல்ல வாழுற நாடாப்புழுக்கள்ல ஒரு குடும்பம் இந்த ரெண்டு பறவைக் கூட்டத்துல மட்டும்தான் இருக்கு. 2014-ல 48 பறவைகளோட முழு ஜீனோமை ஒப்பிட்ட பெரிய ஆய்வும் இதையே சொல்லுச்சு. அப்ப வாத்துப் பேன்? ஒரே தண்ணியில பழகினப்ப பூநாரைகிட்ட இருந்து வாத்துக்குத் தொத்திக்கிட்டது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குள்ள பேன் பரவுறது நமக்குப் புதுசா என்ன?

நீளக் கால், பாலை மரத்துப் பால் மாதிரி. வேலைக்காகத் தனித்தனியா வந்தது. முட்டை மேல இருக்கிற பூச்சு, சுவடியில இருக்கிற பிழை மாதிரி. தாத்தாகிட்ட இருந்து வந்தது.

இதுல ஒரு க்ளைமாக்ஸ் இருக்கு. அதே 2014 ஆய்வு இன்னொண்ணும் சொல்லுச்சு: பூநாரை, முக்குளிப்பான் ஜோடிக்கு அடுத்த சொந்தம் புறா வகையறான்னு. பத்து வருஷம் அது பாடப்புத்தக விஷயம் மாதிரி இருந்துச்சு. 2024-ல 363 பறவை ஜீனோம்களை வெச்சுப் பார்த்தப்ப அந்தச் சொந்தம் நிக்கலை. எங்க தப்பு? நாலாவது குரோமோசோம்ல ஒரு பகுதி. சாதாரணமா தலைமுறைக்குத் தலைமுறை ஜீன்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலையும். அந்தப் பகுதி மட்டும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி கலையாம கட்டியா நின்னுடுச்சு. அந்தக் கட்டி முழுக்க ஒரே கதையைச் சொன்னதால, மொத்த ஜீனோமும் அதையே சொல்ற மாதிரி தெரிஞ்சுது. ஒரே ஆள் ஆயிரம் அக்கவுன்ட்ல இருந்து வோட்டுப் போட்ட கதை.

கவனிங்க: முக்குளிப்பான் சொந்தம் உடையலை. அதுக்குத் தனித்தனியா பல சாட்சி இருக்கு. புறா சொந்தத்துக்குச் சாட்சி அந்த ஒரு மூலைதான். "விஞ்ஞானம் மாத்தி மாத்திப் பேசுது"ன்னு யாராவது சொன்னா, இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்க.

மூணாவது நிறுத்தம்: திரும்ப அந்த நண்டுக் கூடை

இப்ப அக்கா விஷயத்துக்கு வருவோம்.

சேற்று நண்டோட பேரினம் சில்லா. 1775-ல வெளியான புத்தகத்துல பீட்டர் ஃபோர்ஸ்கால் செங்கடல் நண்டு ஒண்ணுக்குக் கொடுத்த பேர்தான் இன்னைக்கு சில்லா செர்ராட்டா. அவர் லின்னேயஸோட மாணவர். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே, 1763-ல, ஏமன்ல இறந்துட்டார். 1798-ல லின்னேயஸோட இன்னொரு மாணவர் ஃபாப்ரிசியஸ் வேற ஒரு நண்டுக்குப் பேர் வெச்சார்: டிராங்கபாரிகா. ஆமாங்க, நம்ம தரங்கம்பாடியோட பேர்தான்.

1949-ல பிலிப்பைன்ஸ் ஆய்வாளர் எஸ்டாம்படோர், இதுல ஒண்ணு இல்லை, நாலு வகை இருக்குன்னு எழுதினார். அவர் கொடுத்த பேர்கள்ல ஒண்ணு பாரமமோசைன். அதுக்குள்ள இருக்கிற மமோசைன் அந்த ஊர் மீனவர்களோட வார்த்தை. ஆனா 1960-ல வந்த இன்னொரு ஆய்வு, வித்தியாசம் போதாது, எல்லாம் ஒரே இனம்தான்னு சேர்த்துக் கட்டிடுச்சு. நான் போன்ல காட்டின பிடிஎஃப் அந்தக் கட்சி.

1998-ல கீனன், டேவி, மன் மூணு பேரும் இந்தோ-பசிபிக் கடலோரம் முழுக்க நண்டுகளைச் சேர்த்து, புரதம், டிஎன்ஏ, உடலமைப்பு மூணையும் ஒப்பிட்டாங்க. முடிவு, நாலு தனி இனம். செர்ராட்டா, டிராங்கபாரிகா, பாரமமோசைன், ஒலிவேசியா.

நம்ம ஊர்ல குழப்பம் அதோட முடியலை. இந்தியாவுல பெரிய பச்சை நண்டை டிராங்கபாரிகான்னும், சின்னதை செர்ராட்டான்னும் ரொம்ப வருஷமா எழுதிட்டு இருந்தாங்க. டிஎன்ஏ எடுத்துப் பார்த்தா பெருசுதான் செர்ராட்டா, சின்னது ஒலிவேசியா. லேபிள் இடம் மாறி ஒட்டியிருந்துச்சு.

பேர்தானே, மாறினா என்ன? கொஞ்சம் யோசிங்க. செர்ராட்டா ரெண்டு கிலோ வரைக்கும்கூட வளரும். ஒலிவேசியா அந்த அளவுக்கு வராது. வெளிநாட்டுப் புத்தகத்துல 'செர்ராட்டா நல்லா வளரும்'னு படிச்சுட்டு, இங்க செர்ராட்டான்னு லேபிள் ஒட்டின குஞ்சுகளைக் கடன் வாங்கிக் குட்டையில விட்டவர் கதி என்ன? தீவனம் போட்டு, மாசக்கணக்குல காத்திருந்து, கடைசில எடை வராது. குஞ்சா இருக்கிறப்ப கண்ணால பிரிக்கிறதும் ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, இந்த அளவுக்குக் கீழே பிடிக்காதேன்னு ஒரு விதி போடணும்னா, அந்த நண்டு எந்த அளவுல முட்டை வைக்க ஆரம்பிக்குதுன்னு தெரியணும். ரெண்டு இனத்தைக் கலந்து ஒரு சராசரி எடுத்தா, பெரிய இனம் ஒரு தடவைகூட முட்டை வைக்காம கூடைக்கு வந்துடும். ஏரியை நம்பி இருக்கிற வீடுகளுக்கு இது பேர்ப் பிரச்சினை இல்லை, சோத்துப் பிரச்சினை. சீர்காழி பக்கம் தொடுவாய்ல ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு உற்பத்தி பண்ணுது. அப்படிப்பட்ட இடத்துல தாய் நண்டு எந்த இனம்னு தெரியாம எந்த வேலையும் ஆரம்பிக்க முடியாது.

எப்படி அடையாளம் பார்க்கிறது? அக்கா சொன்ன மாதிரி கொடுக்கைப் பாருங்க. பெரிய இனத்துக்கு, கொடுக்கோட மணிக்கட்டு மாதிரி இருக்கிற பகுதியில வெளிப்பக்கம் ரெண்டு கூர்மையான முள் தெரியும். கால்கள்ல கட்டம் கட்டமா வலைப்பின்னல் கோலம் இருக்கும். ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற பற்கள் உயரமா, கூரா இருக்கும். சின்ன இனத்துக்கு அந்த மணிக்கட்டு முள் மழுங்கிப் போயிருக்கும், காலில் கோலம் இருக்காது, கண்ணுக்கு நடுவுல பற்கள் தாழ்ந்து உருண்டையா இருக்கும், கொடுக்குல சிவப்போ ஆரஞ்சோ அடிக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீங்க, அது சேத்துக்கும் தண்ணிக்கும் ஏத்த மாதிரி மாறும். முள்ளை நம்புங்க.

ஆக, அக்கா சொன்னது சரி, என் பிடிஎஃப் தப்பு.

இதுக்காக 'ஊர்ப்பேர் எப்பவும் சரி'ன்னு நான் சொல்ல வரலை. பூநாரை விஷயத்துல ஊர்ப்பேர் ஏமாத்துச்சு. பாலை விஷயத்துலயும்தான். ஆனா அந்தப் பேர்கள் பார்வைக்கு வெச்ச பேர்கள். அக்கா பண்ணது வேற. தினமும் நூத்துக்கணக்கான நண்டைக் கையில பிடிச்சு, எது வளருது, எது வளரலைன்னு வருஷக்கணக்கா பார்த்து, எந்த அடையாளம் அதோட சேர்ந்தே வருதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. முள்ளைப் பாருன்னு அவங்களும் சொன்னாங்க, 1998 ஆய்வும் அதையேதான் சொல்லுச்சு.

போன மாசம் திரும்பப் போனேன். அக்காகிட்ட, "நீங்க சொன்னதுதான் சரிக்கா, படிச்சுப் பார்த்தேன்"னு சொன்னேன். "அதுக்குப் போய் படிச்சியா?"ன்னு கேட்டாங்க. பெரிய நண்டு ரெண்டு வாங்கிட்டு வந்தேன். பேரம் பேசலை.

அடுத்த வாட்டி நண்டு வாங்கும்போது மணிக்கட்டு முள்ளை எண்ணிப் பாருங்க, ஒண்ணா ரெண்டான்னு. கொடுக்குல கயிறு கட்டியிருக்கான்னு மட்டும் முதல்ல பார்த்துக்கோங்க! அடுத்த எபிசோடுல சந்திப்போம்.